பூவும் முடிச்சும்: பாரசீக, மொகலாயப் பூக்கம்பளங்கள் பற்றிய ஒரு நோக்கு

இஸ்லாமியக் கலை பற்றிய பொதுநூல்களிலே கைமுடிச்சுக் கம்பளங்களுக்கு ஒதுக்கப்படும் அத்தியாயம் பெரும்பாலும் ஒரே கூற்றுடன் தொடங்குவதைக் காணலாம். கம்பளத்தில் விரிந்து கிடக்கும் பூக்களும் கொடிகளும் சுவர்க்கப் பூங்காவின் சாயல் என்பதே அக்கூற்று. உருவ வழிபாட்டை மறுத்த சமயத்தின் கலைஞன் மனித உருவை விடுத்துப் பூவை நாடினான். வறண்ட நிலத்து மனிதன் தான் காணாத பசுமையைக் காலடியில் விரித்துக்கொண்டான். இவ்வாறு அவ்விளக்கம் நீளும். கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆயின், மிலான் நகரின் போல்டி பெற்சோலி நூதனசாலையிலுள்ள பாரசீகக் கம்பளத்தை அது என்ன செய்யும்? அதிலே பூக்களிடையே குதிரை வீரர் வேட்டையாடுகின்றனர். மனித உருவமும் விலங்குருவமும் நிறைந்துள்ளன. ஹிஜ்ரி 949 (1542-43) என்றும், 929 (1522-23) என்றும் இருவகையாக வாசிக்கப்படும் திகதியும், கியாஸுத்தீன் ஜாமி என்ற பெயரும் அதில் நெய்யப்பட்டுள்ளன. உருவத்துக்கு அஞ்சிய கலை அன்று அது. பெயர் சொல்ல அஞ்சிய கலையும் அன்று.

சுவர்க்கம் என்ற சொல் ஒரு பதிலாக வந்துவிடுவதால், கேட்கப்படவேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. இப்பூவை வரைந்தவர் யார்? அதை முடிச்சு முடிச்சாகக் கம்பளியில் இட்டவர் யார்? இவ்விருவரும் ஒருவரா? ஒருவர் அல்லர் எனின் எப்பொழுது, எக்காரணத்தால் அவர்கள் இருவராயினர்? இக்கேள்விகளினூடாகவே பூக்கம்பளத்தின் அழகையும் விளங்கிக்கொள்ள முடியும் என்பது எமது கருத்து. அழகை ஒருபுறமும் உழைப்பை மறுபுறமும் வைத்துப் பேசும் வழக்கத்துக்கு இக்கலைவடிவம் இடந்தருவதில்லை.

முதலிற் செய்முறையைச் சிறிது நோக்குவோம். தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல்களில், அடுத்தடுத்த இரண்டைச் சுற்றிச் சிறு கம்பளி இழையொன்றை முடிந்து, அதன் நுனிகளை மேலே விட்டு அறுத்துவிடுவர். ஒரு வரிசை நிறைந்ததும் ஊடு நூலைக் குறுக்கே செலுத்திச் சீப்புப் போன்ற கருவியால் அடித்து இறுக்குவர். பின் அடுத்த வரிசை. முடிச்சு இருவகைப்படும். இரு பாவு நூல்களையும் சமமாகச் சுற்றுவது ஒன்று. ஒன்றை முழுதாகச் சுற்றி மற்றதன் பின்னால் மாத்திரம் செல்வது மற்றொன்று. முன்னதைத் துருக்கி முடிச்சு என்றும் பின்னதைப் பாரசீக முடிச்சு என்றும் வழங்குவர். பெயரைக் கொண்டு இனத்தைத் துணிந்துவிடக் கூடாது. பாரசீக நகரான தப்ரீஸிலேயே துருக்கி முடிச்சு வழங்குகிறது. ஈண்டு மனங்கொள்ளவேண்டியது வேறொன்று. ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. புள்ளிகள் நேர்கோட்டு நிரைகளிலேயே அமைகின்றன. ஆகவே நேர்கோடும், படிக்கட்டுப் போன்ற சாய்வும், நட்சத்திரமும், எண்கோணமும் தறியின் இயல்பிலேயே பிறப்பவை. வளைகோடு அவ்வாறன்று. அது தறியின் இயல்புக்கு எதிராக வென்றெடுக்கப்படுவது. முடிச்சுகள் மிகச் சிறியனவாகவும் மிக நெருக்கமாகவும் அமைந்தாலன்றிக் கொடி வளையாது, இதழ் குவியாது. முடிச்சு நெருங்கவேண்டுமாயின் பாவு நூல் மெல்லியதாகவும் அறுந்துபோகாததாகவும் இருத்தல் வேண்டும். எனவே பட்டு வேண்டும். பட்டு வேண்டுமெனின் மூலதனம் வேண்டும். நெருங்கிய முடிச்சு நீண்ட காலத்தை வேண்டும். அக்காலம் முழுவதும் நெசவாளருக்குச் சோறிட ஒருவர் வேண்டும். கம்பளத்தில் ஒரு கொடி வளைவதற்கே சமூகத்தளம் ஒன்று தேவைப்பட்டது.

வரலாறும் இதனை உறுதிசெய்கின்றது. முடிச்சுக் கம்பளம் இஸ்லாத்துக்கு முந்தியது. அல்தாய் மலைப்பகுதியிலே பசிறிக் என்னுமிடத்தில், உறைபனியுள் காக்கப்பட்டிருந்த புதைமேடொன்றிலிருந்து சோவியத் தொல்லியலாளர் ருடென்கோ 1949 இல் வெளிப்படுத்திய கம்பளம் ஏறத்தாழ 2400 ஆண்டுப் பழைமையுடையது. இஸ்லாமிய உலகில் எஞ்சியுள்ள பழைய கம்பளத் தொகுதிகளுள் முக்கியமானது, துருக்கியின் கொன்யா நகர் அலாவுத்தீன் பள்ளிவாசலில் 1905 இல் அறியப்பட்ட செல்யூக்கியக் கம்பளங்களாகும். 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாகக் கருதப்படும் இவற்றிலே காணப்படுவன கோணங்களும் கொக்கிகளும் நட்சத்திரங்களும். கரையிலே பெரிய எழுத்துருப் போன்ற வடிவங்கள். சமயம் அதுவே, பள்ளிவாசலும் அதுவே. ஆயினும் பூங்கா இல்லை. சுவர்க்கக் கனவுதான் பூக்கம்பளத்தைப் பிறப்பித்தது எனின், அக்கனவு இரு நூற்றாண்டுகள் எங்கே உறங்கிக்கிடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

15 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறுகின்றது. பாரசீக நுண்ணோவியங்களில் வரையப்பட்ட கம்பளங்களை வரிசைப்படுத்தி நோக்கினால் இம்மாற்றத்தைக் கண்ணாற் காணலாம். திமூரியர் காலத்து ஏட்டோவியங்களிலே அரசர் அமர்ந்திருக்கும் கம்பளங்கள் நெடுங்காலம் கோண வடிவங்களையே கொண்டிருந்தன. நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஹெராத் நகரில் பிஹ்ஸாத்தின் தலைமுறை ஓவியரிடத்தே, நடுப்பதக்கமும் சுருள்கொடியும் தோன்றத் தொடங்குகின்றன. ஜேர்மானிய ஆய்வாளர் குர்ட் எர்ட்மன் இதனைக் கம்பள வரைவிலே நிகழ்ந்த புரட்சி என்றே கொண்டார். 1501 இல் சபவியர் ஆட்சி தப்ரீஸில் நிலைபெற்றது. 1522 இல் பிஹ்ஸாத் அங்கு அரச நூலகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். நூலகம் என்று நாம் கூறினாலும் அது ஏடுகளைச் சேர்த்துவைக்கும் இடம் மாத்திரமன்று. ஓவியர், எழுத்தணிக் கலைஞர், பொன்வேலை செய்வோர், நூற்கட்டுநர் யாவரும் கூடி உழைத்த பட்டறை. நூலின் முதற்பக்க அலங்காரம், தோல் அட்டையின் பதக்கம், சுவரில் பதிக்கும் ஓடு, கம்பளம் ஆகிய அனைத்தும் ஒரே வகை வரைவிலிருந்து பிறந்தன. ஆகவேதான் அக்காலத்துக் கம்பளத்தைக் கண்டோர் அதனை ஒரு பெரிய நூலட்டை எனக் கருத இடமுண்டாகிறது.

அப்பூக்களின் பிறப்பிடமும் சுவாரசியமானது. பாரசீக வரைவிலே கொடிக்கு இரு மரபுகள் உள. ஒன்று இஸ்லீமி எனப்படும் பிளவிலைச் சுருள். மற்றது கத்தாயி. கத்தாய் என்பது சீனம். மங்கோலியர் ஆட்சிக் காலத்திலே சீனப் பட்டுகளோடும் பாத்திரங்களோடும் வந்த தாமரையே, நெடுக்குவெட்டாக வெட்டி வைத்தாற்போன்ற அந்தப் பெரிய பூவுக்கு மூலம். இஸ்லாமிய ஆன்மாவின் தூய வெளிப்பாடு என்று போற்றப்படும் பூ, பௌத்தச் சீனத்தின் தாமரையாக இருப்பது கலையின் வழித்தடங்களை அறிந்தோருக்கு வியப்பளிக்காது. வணிகப் பாதையிலே பட்டு வந்தது. பட்டோடு பூவும் வந்தது.

ஆயின் எமக்கு முக்கியமாவது பூ எங்கிருந்து வந்தது என்பதன்று. அது எதன்மீது வந்து தங்கியது என்பதே. கோண வடிவக் கம்பளத்திலே நெசவாளரின் நினைவே வரைபடம். நாடோடிக் குடிகளிலும் கிராமங்களிலும் பெரும்பாலும் பெண்களே நெய்தனர். தாயின் தறியிற் கற்றதை மகள் தன் தறியிலே சிறிது மாற்றி இட்டாள். எண்ணிக்கை மறந்தபோது வடிவம் மாறியது, அம்மாற்றமே புதுமையாயிற்று. சுருள்கொடி வந்ததும் இந்நிலை குலைந்தது. பல மீற்றர் நீளத்துக்கு ஓடி, ஒன்றையொன்று கடந்து, மறுபுறம் பிசகின்றி வந்து சேரவேண்டிய கொடியை நினைவிலிருந்து முடிய இயலாது. அதனை முதலிலே தாளில் வரையவேண்டும். வரைவோன் ஏட்டோவியம் பயின்றவன். தறியைத் தொட்டறியாதவனாகவும் இருக்கலாம். தாளைப் பார்த்து முடிச்சிடுபவர் அடுத்த முடிச்சின் நிறத்தை அறிந்தாற் போதும். கொடி எங்கு செல்கிறது என்பதை அறியவேண்டியதில்லை. இப்பிரிவு எந்த எல்லைவரை செல்லக்கூடும் என்பதைப் பிற்காலக் காஷ்மீரம் காட்டுகின்றது. அங்கே சால்வை நெசவிலிருந்து கம்பளத்துக்கு வந்த தாலீம் என்னும் முறையிலே, வரைபடமே மறைந்து, இத்தனை முடிச்சு இந்நிறம் என்பதைக் குறிக்கும் குறியீட்டு ஏடு மாத்திரம் எஞ்சுகிறது. ஒருவர் அதனை உரத்து வாசிப்பார், ஏனையோர் முடிவர். பூவைக் காணாமலே பூவை ஆக்கும் நிலை அது.

எனவே பூக்கம்பளம் என்ற கலைவடிவம், சிந்திக்கும் கையும் முடிச்சிடும் கையும் பிரிந்த கணத்திலே பிறந்தது எனலாம். அதன் ஒப்பற்ற அழகும் அப்பிரிவின் பேறே. நெசவாளரின் ஊமைநிலையும் அப்பிரிவின் பேறே.

இதனை ஒரு படைப்பின்மீது வைத்துப் பார்ப்பது தகும். அர்தபீல் கம்பளத்தை எடுத்துக்கொள்வோம். சபவிய மரபின் முதல்வரான ஷெய்க் ஸஃபியுத்தீன் (மறைவு 1334) அடக்கம் செய்யப்பட்டுள்ள அர்தபீல் தலத்துக்காக, ஷா தஹ்மாஸ்ப் ஆட்சியிலே (1524-1576) நெய்யப்பட்டதாகக் கருதப்படும் இணைக் கம்பளங்களுள் ஒன்று இன்று இலண்டன் விக்டோரியா-அல்பேட் நூதனசாலையில் உள்ளது. நீளம் ஏறத்தாழ 10.5 மீற்றர், அகலம் 5.3 மீற்றர். பாவும் ஊடும் பட்டு, மேலெழும் இழை கம்பளி, நிறங்கள் பத்து. கருநீலத் தளத்தின் நடுவே பொன்மஞ்சட் பதக்கம். அதனைச் சூழப் பதினாறு கூர்முனை வட்டங்கள். நீளவாக்கில் இருபுறமும் தொங்கும் இரு விளக்குகள். நாற்கோணங்களிலும் அதே பதக்கத்தின் காற்பகுதிகள் காணப்படுகின்றன. இதனாலே ஒரு கருத்து உணர்த்தப்படுகிறது: நாம் காண்பது முழுமையன்று, எல்லையற்று விரியும் ஒரு தளத்தின் வெட்டுமுகம். கரை அதனை நிறுத்துகிறதேயன்றி முடிப்பதில்லை.

இன்னும் நுணுகி நோக்கினால், தளத்தில் ஓடுவது ஒரு கொடியன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இரு கொடித்தொகுதிகள் என்பது புலனாகும். ஒவ்வொன்றும் தன் சுருளைத் தானே நிறைவு செய்கிறது; மற்றதனைக் கடக்கும் இடத்திலே மோதுவதில்லை. இரு இராகங்கள் ஒரே வேளையில் ஒலித்தும் கலங்காமை போன்றது இது. கண் ஒன்றைத் தொடரும்போது மற்றது பின்னே தங்குகிறது. அதனைத் தொடர முன்னையது பின்வாங்குகிறது. தனிப்பூ எதுவும் தன்னை நோக்குமாறு எம்மை வற்புறுத்துவதில்லை. கொடியிலிருந்து பிரித்தால் அப்பூவுக்குப் பொருளில்லை. தாவரவியலிலே அதற்குப் பெயரும் இல்லை. உறவுகளே இங்கு வடிவமாகின்றன. இவ்வளவு பரந்த தளத்திலே இவ்வொழுங்கைக் கற்பித்த மூளையை மதியாதவர் கலைபற்றிப் பேசத் தகுதியற்றவர் என்றே கூறுவோம்.

இரு விளக்குகளுள் ஒன்று மற்றதிலும் சிறியது. சிறிய விளக்கின் பக்கத்தில் அமர்ந்து நோக்குவோருக்கு இரண்டும் சமமாகத் தோன்றவே இவ்வாறு செய்யப்பட்டது என்பர் சிலர். நிறைவு இறைவனுக்கே உரியது என்பதால் வேண்டுமென்றே விடப்பட்ட குறை என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் சான்று இல்லை. விளங்காத ஒவ்வொன்றையும் பக்திக்குக் கணக்கெழுதிவிடும் போக்குக்கு இது நல்லதோர் உதாரணம்.

கம்பளத்தின் ஒரு முனையிலே 14 ஆம் நூற்றாண்டுக் கவிஞரான ஹாஃபிஸின் ஈரடிச் செய்யுளும், காஷான் நகர் மக்ஸூத் என்பவரின் பெயரும், ஹிஜ்ரி 946 (1539-40) என்ற திகதியும் நெய்யப்பட்டுள்ளன. மக்ஸூத் தம்மை அரசவாயிலின் ஊழியர் எனக் குறிப்பிடுகிறார். அவர் நெசவாளர் என்று கொள்வோர் இன்று அரியர். பணியை ஏற்று நடத்தியவராகவோ வரைவை அமைத்தவராகவோ இருக்கலாம். பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரத்தில் ஏறத்தாழ 5300 முடிச்சுகள் உள்ளன. முழுக் கம்பளத்திலும் இரண்டரைக் கோடிக்கு மேல். ஒருவர் நாளொன்றுக்கு 8000 முடிச்சுகள் இடுவார் என்று தாராளமாகக் கொண்டாலும் மூவாயிரம் நாட்களுக்கு மேற்பட்ட தனியாள் உழைப்பு இதிலே உறைந்துள்ளது. இணைக் கம்பளத்துக்கும் அவ்வாறே. இதற்குமுன் மயிர் கத்தரித்தோர், நூற்றோர், சாயந்தோய்த்தோர் உழைப்பு வேறு. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பெயர் எழுதப்பட்டது.

இவ்விடத்திலே எமது நாட்டு வாசகருக்கு நன்கு தெரிந்த ஒருவரின் கருத்தை எதிர்கொள்ளவேண்டியுள்ளது. கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மரபுவழிக் கலைஞனின் பெயரறியா நிலையை ஆன்மிகப் பண்பாகவே கண்டார். தன்முனைப்பு ஒழிந்தவன் ஆதலின் கைவினைஞன் பெயரிடுவதில்லை. கலை அவனுடையதன்று, அவனூடாக வெளிப்படும் மூலவடிவத்தினுடையது என்பது அவரது பிற்கால எழுத்துக்கள் பலவற்றின் அடிநாதம். 1943 இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதி இதனை விரிவாக வாதிடுகின்றது. முதலாளித்துவச் சந்தையிலே கலைஞனின் கையொப்பம் விலைச்சீட்டாகிவிட்டதைக் கண்டித்த குரல் என்ற அளவில் அதனை நாம் மதிக்கிறோம். ஆயின் அர்தபீல் கம்பளத்தின்முன் அக்கொள்கை தடுமாறுகின்றது. பெயரின்மை ஆன்மிக நெறியாயின் மக்ஸூத்துக்கு மாத்திரம் விதிவிலக்கு ஏன்? மிலான் கம்பளத்திலே ஜாமிக்கு ஏன்? பெயர் இடும் வழக்கம் அச்சமூகத்திலே இருந்தது. எல்லோருக்கும் இருக்கவில்லை, அவ்வளவே. நெசவாளரின் மௌனம் துறவு அன்று. அது அவர்கள் நின்ற படிநிலையின் விளைவு. தாமாகத் துறந்ததையும் கொடுக்கப்படாததையும் ஒன்றாகக் கருதுவது, கலைக்கொள்கையிலும் சரி, சமூக வரலாற்றிலும் சரி, பாரதூரமான மயக்கமாகும்.

இனி அச்சுவர்க்கப் பூங்காவுக்கு மீள்வோம். அது முற்றிலும் ஆதாரமற்றது என்று நாம் கூறவில்லை. அர்தபீல் கம்பளம் சமயத்தலம் ஒன்றுடன் தொடர்புற்றது. அதன் விளக்குகளும் புகலிடம் நாடும் செய்யுளும் அவ்வுணர்வைத் தருவன. நீரோடைகள் குறுக்கும் நெடுக்கும் ஓட, மீன்களும் மரங்களும் நிறைந்து, தோட்டமொன்றின் தரைப்படமாகவே அமைந்த கம்பளங்களும் உள. ஆம்பர் அரச பண்டகசாலையில் 1632 ஆம் ஆண்டுக் குறிப்புச்சீட்டுடன் இருந்து இன்று ஜெய்ப்பூரில் உள்ள கேர்மான் கம்பளம் அவற்றுட் புகழ்பெற்றது. ஆனால் தோட்டம் என்பது யாருடைய தோட்டம்? ஐரோப்பிய மொழிகளிலே சுவர்க்கத்தைக் குறிக்கும் சொல்லும், அரபியில் வழங்கும் ஃபிர்தௌஸ் என்பதும் பண்டை ஈரானிய மொழியிலே சுவரால் அடைக்கப்பட்ட இடத்தைக் குறித்த சொல்லிலிருந்தே வந்தவை. அடைப்புத்தான் முதற்பொருள்; பேரின்பம் பின்னர் வந்தது. பூங்காக் கம்பளத்தின் மிகப் பழைய செய்தியும் இதனையே உணர்த்துகின்றது. 637 இல் அரபுப் படைகள் சாசானியத் தலைநகர் தெஸிபோனைக் கைப்பற்றியபோது, அறுபது முழச் சதுரமான மாபெரும் விரிப்பொன்று அகப்பட்டதென்று வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். பொன்னும் பட்டும் மணிகளும் கொண்டு ஆக்கப்பட்ட அதனை மாரிகாலத்திலே விரித்து, வசந்தத்தில் அமர்ந்திருப்பதுபோல் மன்னர் மதுவருந்தினராம். வெற்றிபெற்றோர் அதனைத் துண்டுதுண்டாக வெட்டிப் பங்கிட்டனர்; ஒரு பங்கு மாத்திரம் 20,000 திர்ஹத்துக்கு விலைபோயிற்று என்கிறார் தபரி. அரசன் மாத்திரம் பருவத்தை வெல்லலாம். ஏனையோருக்கு மாரி மாரியே. பூக்கம்பளத்தின் பூர்வ கதை சுவர்க்கம் பற்றியதன்று, உடைமை பற்றியது.

பூவை வேறொரு வகையாக நோக்கிய சமூகத்தையும் ஒப்பிட்டுக் காண்பது பயன்தரும். அக்பர் காலத்திலே லாகூர், ஆக்ரா, ஃபத்தேப்பூர் சிக்ரி ஆகிய நகரங்களிலே அரசப் பட்டறைகள் அமைந்தன. தொடக்கத்தில் பாரசீக வழியே பின்பற்றப்பட்டது. 17 ஆம் நூற்றாண்டிலே மொகலாயப் பூ தன்வழி சென்றது. 1620 இன் வசந்தத்தில் காஷ்மீரம் சென்ற ஜஹாங்கீர், அங்குள்ள பூக்களை மன்ஸூர் என்னும் ஓவியர் வரைந்தனவற்றின் தொகை நூறைத் தாண்டியதாகத் தம் நினைவேட்டிற் பதிந்துள்ளார். ஐரோப்பியர் கொண்டுவந்த மூலிகை நூல்களின் செதுக்கோவியங்களும் மொகலாய ஓவியர் கைக்கு எட்டியிருந்தன. ஷாஜஹான் காலத்துக் கம்பளங்களிலே சுருள்கொடி மறைந்து, வேர்முதல் மொட்டுவரை தனித்தனியே நிற்கும் செடிகள் செந்தளத்தின்மீது நிரைநிரையாக வருகின்றன. லில்லி, ஐரிஸ் முதலியவற்றைக் கண்டவுடன் பெயர் சொல்லலாம். தாஜ்மகாலின் சளவைக்கல் அடிச்சுவரில் செதுக்கப்பட்டிருப்பவையும் இப்பூக்களின் உறவினரே.

இதனை யதார்த்தத்தை நோக்கிய முன்னேற்றம் என்று கூறிவிட எம்மவர் சிலர் விரையக்கூடும். கற்பனைப் பூ பிற்போக்கு, கண்ட பூ முற்போக்கு என்பது அவர்களது வாய்பாடு. நாம் அவ்வாறு கருதவில்லை. இயற்பண்புக்கும் யதார்த்தத்துக்கும் உள்ள வேறுபாடு நாவலுக்கு மாத்திரம் உரியதன்று. மொகலாயச் செடி ஒவ்வொன்றும் உயிருள்ளதுபோலத் தோன்றுகிறது. இதழின் மடிப்பும் காம்பின் சாய்வும் நோக்கி அறியப்பட்டவை. ஆயின் செடிக்கும் செடிக்கும் இடையே உறவில்லை. ஒரே அளவு இடைவெளியிலே, ஒரே திசை நோக்கி, அரசவையில் நிற்கும் பிரபுக்கள்போல அவை நிற்கின்றன. மண்ணும் இல்லை, காற்றும் இல்லை. பெயரிடப்பட்டுப் பேரரசின் பதிவேட்டிற் சேர்க்கப்பட்ட உடைமைகளாகவே பூக்கள் காட்சியளிக்கின்றன. விவரத்திலே உண்மை, மொத்தத்திலே அணிவகுப்பு. கற்பனைப் பூக்களாலான அர்தபீல் தளத்திலே, ஒன்று மற்றொன்றாக வளர்ந்துசெல்லும் இயக்கத்தை நாம் காண்கின்றோம். இரண்டினுள் எது வாழ்வுக்கு அண்மையது என்ற வினாவுக்கு வாய்பாட்டிலே விடை கிடையாது.

உதுமானியர் கம்பளங்களைப்பற்றி விரித்துரைக்க இடமில்லை. ஒரு செய்தி மாத்திரம் குறிப்பிடுவோம். 1585 இல் சுல்தான் மூன்றாம் முராத், கெய்ரோவிலிருந்து பதினொரு கம்பள ஆசாரிகளைச் சாயந்தோய்த்த கம்பளியுடன் இஸ்தான்புலுக்கு அனுப்புமாறு கட்டளையிட்டார். ரியூலிப் பூவும் கார்னேஷனும் பூத்த அவையிலே, ஆசாரியும் கம்பளியும் ஒரே கட்டளையில் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது.

அர்தபீல் கம்பளங்களின் பிற்காலக் கதையும் இங்கு கூறப்படவேண்டும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிலநடுக்கத்தாற் சேதமுற்ற தலத்தைச் சீர்செய்யப் பணம் வேண்டி அவை விற்கப்பட்டன என்பது வழங்கும் செய்தி. வாங்கியது மன்செஸ்டரைச் சேர்ந்த சீக்லர் நிறுவனம். இதே நிறுவனம் 1880களிலே சுல்தானாபாத்தில் (இன்றைய அராக்) ஐரோப்பிய வரவேற்பறைகளின் அளவுக்கும் சுவைக்கும் ஏற்பக் கம்பளம் நெய்விக்கும் தொழிலை நடத்தியது. அரசவைக்குப் பதிலாக ஏற்றுமதி முகவர். ஆயின் வரைபவர் வேறு, முடிபவர் வேறு என்ற அமைப்பு அப்படியே நின்றது. இரு கம்பளங்களும் பழுதுற்றிருந்தன. ஒன்றை முழுமையாக்க மற்றதிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டினர். 1892 இல் இலண்டன் வணிகர் ரொபின்சன் நிறுவனத்தார் அதனை ஒப்பற்ற தனிக்கம்பளமாகக் காட்சிக்கு வைத்தனர். வெட்டுண்ட மற்றதைப்பற்றி வாய்திறக்கவில்லை. 1893 இல் அன்றைய சவுத் கென்சிங்ரன் நூதனசாலை 2000 பவுணுக்கு அதனை வாங்கியது. வாங்குமாறு ஆலோசனை கூறியவர் வில்லியம் மொறிஸ்.

மொறிஸ் சோசலிசவாதி, வேலைப்பிரிவினை தொழிலாளியை இயந்திர உறுப்பாக்குவதைத் தம் வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர். குமாரசுவாமியின் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் 1908 இல் அச்சானது மொறிஸ் தம் கெல்ம்ஸ்கொட் பதிப்புக்குப் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே என்பது எமக்கு அவருடனுள்ள உறவைக் காட்டும். அத்தகையவரும் இக்கம்பளத்தின்முன் அதன் வரைவின் செம்மையையே கண்டார். இதிலே வியப்பில்லை. ஹமர்ஸ்மித்தில் தம் இல்லத்தை அடுத்து அவர் அமைத்த கம்பளத் தறிகளிலும் கட்டமிட்ட தாளில் மொறிஸ் வரைந்தார், இளம்பெண்கள் முடிச்சிட்டனர். அவர் அவர்களை அன்போடு நடத்தியிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் சுருள்கொடி என்னும் வடிவமே அப்பிரிவினையைத் தன்னுள் கொண்டது. நல்லெண்ணம் அதனை நீக்கிவிடாது.

பாரசீகத் தறிகளின் நிலை பற்றி ஆவணங்கள் பேசத் தொடங்குவது மிகப் பிந்தியே. 1923 இல் கேர்மானிலே பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று நெசவாளரின் வேலைநேரத்தை எட்டு மணித்தியாலமாக வரையறுத்தது. எட்டு வயதுக்குட்பட்ட சிறுவரையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரையும் வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. தடைசெய்யப்பட்டது எது என்பதிலிருந்து நடைபெற்றது எது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 20 ஆம் நூற்றாண்டின் ஏற்றுமதிப் பட்டறையை 16 ஆம் நூற்றாண்டின் அரசப் பட்டறைமீது ஏற்றிவிடக் கூடாது என்பதையும் உடனே கூறவேண்டும். அரசப் பட்டறையிலே ஆசாரிக்கு ஓரளவு மதிப்பும் ஊதியமும் இருந்திருக்கலாம். எனினும் அதே கேர்மானில் 17 ஆம் நூற்றாண்டளவில் நெய்யப்பட்டதாகக் கருதப்படும் அரிவாளிலைப் பூக்கம்பளம் ஒன்று, 2013 ஜூனில் நியூயோர்க் ஏலத்திலே 3 கோடியே 37 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனதையும் பக்கத்தில் வைத்து நோக்காதிருக்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் கொண்டு, பூக்கம்பளம் சுரண்டலின் சின்னம், அதனை அரண்மனைக் குப்பையிலே எறிந்துவிடலாம் என்று முடிவுகட்டுவோரோடும் எமக்கு உடன்பாடில்லை. அவர்கள் அறியாமலே மக்ஸூத்தின் பக்கம் நிற்கின்றனர். கம்பளம் அரசனுடையது என்று கூறி அதனைக் கைவிடுவது, அதிலே முடியப்பட்ட இரண்டரைக் கோடி முடிச்சுகளையும் அரசனுக்கே விட்டுக்கொடுப்பதாகும். முடிச்சிட்டவரின் கை முற்றாக மறைந்துவிடவும் இல்லை. ஒரே நீலம் ஒரு வரிசையோடு சற்று மாறிப்போவதைப் பழைய கம்பளங்களிற் காணலாம். ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து மறுதொட்டி தொடங்கிய இடம் அது. நெசவாளர் அதனை அப்ரஷ் என்பர். வலப்புறச் சுருளும் இடப்புறச் சுருளும் தாளில் ஒன்றே. தறியிலே அவை ஒன்றல்ல. கரை மூலையிலே கொடி திரும்பவேண்டிய இடத்தில் இடம் போதாதபோது இதழைக் குறுக்கியும் நீட்டியும் சரிசெய்த அறிவு, வரைந்தவனுடையதன்று.

இவ்வகையிலே வெட்டுண்ட இரண்டாவது அர்தபீல் கம்பளம் ஆய்வாளருக்கு முதலாவதிலும் பெறுமதி வாய்ந்தது என்று கருதுகிறோம். கரை முழுவதையும் இழந்த அது, அமெரிக்கச் செல்வர் கைகளிலே மாறிமாறி, 1938 இல் எண்ணெய் முதலாளி போல் கெற்றியிடம் சேர்ந்து, 1953 இல் அவரால் லொஸ் ஏஞ்சல்ஸ் நூதனசாலைக்கு அளிக்கப்பட்டது. அதிலும் அதே பெயர்; அதே திகதி; அதே வரைவு. இலண்டன் கம்பளத்துக்கு 2006 இல் தனிக் காட்சிக்கூடம் அமைத்து, நிறம் மங்காதிருக்க அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மாத்திரம் ஒளியூட்ட ஏற்பாடு செய்தனர். அப்பத்து நிமிடத்திலே நோக்குவோருக்குத் தெரிவது வரைவு. முடிச்சுகளைக் காணவேண்டுமாயின் கம்பளத்தின் பின்புறத்தைக் காணவேண்டும். இரு கம்பளங்களின் பின்புறங்களையும் வரிசைக்கு வரிசை ஒப்புநோக்கும் ஆய்வொன்று செய்யப்படுமாயின், அவற்றிடையே காணப்படும் வேறுபாடு எதனையும் மக்ஸூத்தின் கணக்கிலோ தாளின் கணக்கிலோ எழுத முடியாது. தாள் இரண்டுக்கும் ஒன்றே, வேறுபட்டவை கைகள்.